கவலைக்கு மூன்று வாளி

1

போன மாதம் என்னை ஒரு குழுவில் போட்டுவிட்டார்கள். நான் கேட்கவில்லை, கையை உயர்த்தவும் இல்லை. மழை விடாமல் கொட்டும் பேர்கன் என்ற நோர்வே ஊரில், ஒரு பெரிய அலுவலகத்தின் சிற்றுண்டிச்சாலையில் கோப்பை கழுவுகிறவன் நான். காலை ஆறரைக்குப் போய்க் கோப்பி இயந்திரத்தைப் போட்டுவிட்டு, வெள்ளிக்கிழமைகளில் வாஃபிளுக்கு மாவும் கரைத்து வைப்பேன். அதற்கு மேல் என்னிடம் யாரும் எதையும் எதிர்பார்த்ததில்லை.

அந்த அலுவலகத்தில் வேலை செய்கிறவர்கள் மனம் நிறைந்து வேலை செய்கிறார்களா என்று பார்ப்பதற்கென்றே ஒரு குழு இருக்கிறது. நம்புங்கள், சத்தியமாக இருக்கிறது. கதிரை முதுகுக்கு ஏற்றதா, யன்னலில் வெளிச்சம் போதுமா, மேலதிகாரி முகம் கொடுத்துக் கதைக்கிறாரா என்று மாதம் ஒரு தடவை கூடிப் பேசுவார்கள். அதற்கு இங்கே 'திரிவ்செல்' என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். செடி நல்ல மண்ணில் ஊன்றினால் எப்படி இருக்குமோ, மனிதன் வேலை செய்யும் இடத்தில் அப்படி இருப்பதாம். எங்கள் ஊரில் அதற்கு ஒரு சொல் தேடினேன், கிடைக்கவில்லை. எங்களுக்குச் சம்பளம் வந்தால் போதும் என்றிருந்தது.

குழுவின் தலைவி இங்கிரிட் என்ற இளம்பெண். என்னுடைய பழைய தாள்கள் எதையோ பார்த்திருக்கிறாள். "நீங்கள் உங்கள் நாட்டில் அலுவலகமே நடத்தியவராமே" என்று கண்ணை விரித்துக் கேட்டுவிட்டு, அடுத்த கூட்டத்தில் ஐந்து நிமிடம் பேசச் சொன்னாள். தலைப்பையும் அவளே தந்தாள்: நீங்கள் வேலை செய்ததிலேயே இனிமையான இடம் எது, அது ஏன் அப்படி இருந்தது?

நான் யோசிக்கவே இல்லை. யாழ்ப்பாணத்து அச்சுவேலி என்று வாய் முந்திவிட்டது. வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போதுதான் உறைத்தது. இத்தனை வருடம் பொத்தி வைத்ததை வாஃபிள் தின்கிற சனத்துக்கு முன்னால் அவிழ்க்கப் போகிறேனே, எனக்கென்ன விசரா என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

2

எங்கள் கந்தோர் பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவுகளின் பிரதிகளைக் கொடுக்கிற அரசாங்க அலுவலகம். தொண்ணூறாம் ஆண்டு யாழ்ப்பாண நகரத்தில் கோட்டைப் பக்கம் குண்டுகள் விழத் தொடங்கியதும் பதிவேடுகளை உரச் சாக்குகளில் கட்டி, லொறியில் ஏற்றி, அச்சுவேலிக்குக் கொண்டு வந்தோம். லண்டனுக்குப் போனவர்கள் பூட்டிவிட்டுப் போன ஒரு வீடு அது. முன் விறாந்தையில் கவுண்டர், சாமியறையில் இறப்புப் பதிவேடுகள். எங்கள் பெரியவர் கொழும்பில் கூட்டமென்று போனார், போனவர்தான். பிரதம இலிகிதராக இருந்த நான் பதில் கடமை பார்க்கத் தொடங்கினேன்.

மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் இல்லை. சவர்க்காரம் நகைக்கடையில் வாங்குகிற சாமான் போல ஆகிவிட்டது. ஒன்பது பேரில் ஐந்து பேர் மாற்றம் எடுத்து வவுனியாவுக்கும் கொழும்புக்கும் போய்ச் சேர்ந்தார்கள். மிஞ்சியது நாலு பேர். நான், தொண்டைமானாற்றிலிருந்து வரும் கிளாக்கர் தவராசா, அச்சுவேலிக்காரரான பியோன் கந்தசாமியண்ணை, குருநகரிலிருந்து பத்து மைல் சைக்கிள் மிதித்து வரும் ரைப்பிஸ்ற் றெஜினா.

றெஜினாவுக்கு அப்போது இருபத்தேழு வயது. தகப்பன் கடற்றொழிலாளி. கடலுக்குப் போகத் தடை வந்தபின் வள்ளம் கரையில் கிடந்து வெடித்துப்போய்விட்டது, வீட்டில் உலை வைப்பது இவளுடைய சம்பளத்தில்தான். அவளுடைய கண்ணுக்கு ஒரு பிழை தப்பாது. நான் கையெழுத்து வைத்து முடித்த பிரதியைக்கூடத் திருப்பிக் கொண்டு வருவாள். "சேர், பிள்ளை பிறந்தது பதினேழாந் திகதி, பதிஞ்சது பதினாறாந் திகதியெண்டு கிடக்கு. பிறக்க முதலே பதிஞ்சு போட்டினம் போலை" என்று சொல்லிவிட்டு ஒரு சிரிப்புச் சிரிப்பாள். விறாந்தையில் காத்திருக்கிற சனமும் சிரிக்கும்.

தலைமைக் கந்தோரிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்திருந்தது. ரைப்பிஸ்ற் இல்லாத கிளையைத் தொடர்ந்து நடத்த முடியாது, அப்படி ஒரு நிலை வந்தால் கிளையை மூடிவிட்டு வவுனியாவுக்கு வந்து கடமையேற்கவும் என்று. மூடினால் அந்தச் சாக்குகளை யார் சுமப்பது? குடாநாட்டில் ஒரு பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க, ஒரு விதவை ஓய்வூதியம் கேட்க, ஒருவன் கடவுச்சீட்டு எடுக்க எங்களுடைய துண்டு வேண்டும். ஆக, எல்லாம் அந்தப் பெட்டையின் பத்து விரலில் நின்றது. அவள் போனால் கந்தோர் போயிற்று. இது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.

3

அதனால்தான் நான் கந்தோரை இனிமையாக்க வெளிக்கிட்டேன். தரும சிந்தனையால் அல்ல, பயத்தால். இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

முதலில் சிவப்புக் கோடு இழுப்பதை விட்டேன். அரசாங்கக் கந்தோர்களில் வரவுப் பதிவேட்டில் காலை எட்டரை அடித்ததும் சிவப்பு மையால் ஒரு கோடு இழுப்பார்கள், அதற்குக் கீழே கையெழுத்து வைத்தவன் பிந்தியவன். பதினெட்டு வருடம் அந்தக் கோட்டை ஒரு நிமிடம் பிசகாமல் இழுத்தவன் நான். என் பெயரைச் சொன்னால் பிந்தி வருகிறவன் சைக்கிளை விரட்டுவான். அப்படிப்பட்டவன் ஒருநாள் பேனையை மூடி வைத்தேன். வழியில் ஹெலிகொப்டர் சுட்டால் பனைக்குக் கீழே படுத்துக் கிடந்துவிட்டுத்தானே வரவேண்டும், அதற்குமா கோடு?

பிறகு கிணற்றடியில் ஓலையால் மறைப்புக் கட்டுவித்தேன், வியர்த்து வருகிறவர்கள் முகம் கழுவி உடுப்பு மாற்ற. கந்தசாமியண்ணையிடம் ஒட்டுப்போடுகிற சாமான்களும் பம்பும் கொடுத்து, நாலு மணிக்கு முன்னால் எல்லாருடைய சைக்கிளுக்கும் காற்றுப் பார்த்து வைக்கச் சொன்னேன். பத்து மணிக்குப் பனங்கட்டியோடு தேத்தண்ணி. குண்டுக்குப் பதுங்க வெட்டியிருந்த பங்கருக்குள் ஒரு வாங்கும் பாயும் போட்டு, தாயக்கட்டையும் சோகியும் வைத்தேன். மேலே பொம்மர் விமானம் சுற்றும், கீழே தவராசா கட்டையை உருட்டிக்கொண்டு, "உவன் குண்டு போட முதல் நான் தாயம் போட்டுக் காட்டுறன்" என்பான். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்போம்.

ஆனால் கவுண்டரால் மனம் செத்துப்போகும். வருகிறவர்களில் பாதிப்பேர் இறப்புச் சான்றிதழ் கேட்கிறவர்கள். தாய் வருவாள், மகனின் பெயரைச் சொல்ல வாயெடுத்துவிட்டு அப்படியே தூணில் சாய்ந்துவிடுவாள். அதைக் கேட்டுவிட்டு எங்கள் ஆட்களும் தங்கள் தங்கள் கதையைத் தொடங்குவார்கள். ஒருநாள் நாலு பேரும் அழுது, பன்னிரண்டு மணிவரை ஒரு பிரதியும் வெளியே போகவில்லை. அன்றைக்குத்தான் நான் எழும்பிச் சட்டம் போட்டேன்.

"இஞ்சை பாருங்கோ, கவுண்டருக்கு அங்காலை உள்ள கவலையே எங்களுக்குக் காணும். எட்டரையிலையிருந்து நாலேகால் மட்டும் இஞ்சாலை ஒருத்தரும் தன்ரை கவலை கதைக்கப்படாது. கதைச்சால் கிணத்திலை மூண்டு வாளி அள்ளி, குசினிக்குக் கொண்டு வரவேணும்."

றெஜினா உடனே கையை உயர்த்தினாள். "சேர், ரிபன் தேஞ்சு போச்செண்டு சொன்னால் அது என்ரை கவலையோ, கந்தோரின்ரை கவலையோ?"

"அது அரசாங்கத்தின்ரை கவலை."

"அப்ப அரசாங்கத்தை வந்து அள்ளச் சொல்லுங்கோ!"

அப்படி ஒரு சிரிப்போடு தொடங்கியது. சொன்னால் நம்பமாட்டீர்கள், வேலை செய்தது அந்தச் சட்டம். பகிடி கூடியது, பிரதிகள் கூடின. வேறு கந்தோர்க்காரர் வந்து எங்கள் விறாந்தையில் தேத்தண்ணி குடித்துவிட்டு, "இஞ்சை மட்டும் சண்டை இல்லைப் போலை" என்று பெருமூச்சு விட்டுவிட்டுப் போவார்கள். எனக்குத் தலைகால் புரியாத பெருமை. ஒருநாள் சோறு போடும்போது என் மனைவி சொன்னாள்: "வீட்டிலை நீங்கள் ஒரு நாளும் இப்பிடிச் சிரிச்சதில்லை. அங்கை போய்த்தான் சிரிக்கிறியளாம்."

தவராசாவின் தம்பி செல் விழுந்து செத்துப்போனான். முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து தவராசா வேலைக்கு வந்தான். பத்து மணித் தேத்தண்ணியைக் கையில் எடுத்தவன், "தம்பிக்கும் பனங்கட்டியெண்டால்..." என்று தொடங்கினான். பிறகு எங்கள் முகங்களைப் பார்த்தான். கோப்பையை வைத்துவிட்டு எழும்பிப் போய், ஒன்று, இரண்டு, மூன்று வாளி அள்ளிக்கொண்டு வந்து குசினியில் வைத்தான். கந்தசாமியண்ணைதான் முதலில் சிரித்தார், பிறகு நாங்களும் சிரித்தோம். தவராசாவும் சிரித்தான்.

4

என் மகள் ஆரணி சிறு பிள்ளையாக வந்து இங்கேயே வளர்ந்தவள். தன் வேலை, தன் வீடு, தன் சிநேகிதர் என்று இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் காலை நீட்டிக்கொண்டு ரெலிபோனைத் தட்டிக்கொண்டிருப்பாள், தமிழில் நாலு வார்த்தைக்கு மேல் போனால் களைத்துவிடுவாள். குழுவில் பேசப்போகிறேன் என்றதும் மட்டும் ஓர் உற்சாகம். கொப்பன் கடைசியில் மனிசனாகிவிட்டான் என்று நினைத்தாளோ என்னவோ.

நான் எழுதி வைத்திருந்த தாளை வாங்கிப் படித்தாள். என்னுடைய நோர்வேஜிய மொழி பொரித்த அப்பளம் போல, தொட்ட இடமெல்லாம் உடையும். திருத்திக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றாள்.

"அப்பா, இதை எடுத்துப் போடுவம்."

"எதை?"

"'எங்களுக்குக் கவலைப்பட அனுமதி இல்லை' எண்டு எழுதியிருக்கிறியள். இது மறியல்சாலை மாதிரிக் கேக்கும்."

"இல்லைப் பிள்ளை, அதுதான் விசேசம். அதாலைதான் எல்லாரும் சந்தோசமா இருந்தவை."

"அவையள் சந்தோசமா இருந்தவை எண்டு ஆர் சொன்னது?"

கேட்டுவிட்டு அவள் பாட்டுக்குப் பேனையால் அந்த வரியை வெட்டிவிட்டு அடுத்ததுக்குப் போய்விட்டாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. உனக்கென்ன தெரியும், பொம்மருக்குக் கீழே தாயம் விளையாடியிருக்கிறாயா என்று கத்தினேன். "இதுதான் அப்பா, உங்களோடை ஒண்டும் கதைக்கேலாது" என்று பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். பிறகு இரண்டு கிழமை ரெலிபோனும் இல்லை.

நோர்வேக்காரருடைய கந்தோர்களைப் பற்றியும் சொல்லவேண்டும். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் என்னிடம் பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். ஆயிரமாயிரம் பேருக்குச் சான்றிதழ் கொடுத்தவன், என்னுடையதைத் தேடிப் பெட்டியைக் கவிழ்த்தேன். அடியில் ஒன்று கிடந்தது. அச்சுவேலி வீட்டில் றெஜினா அடித்தது. அந்த ரைப்றைற்றரில் 'ம' எழுத்து மட்டும் கொஞ்சம் மேலே ஏறி நிற்கும், பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. கவுண்டரில் இருந்த அதிகாரி திகதிகளை விரலால் தடவிப் பார்த்து, "மிகச் சுத்தமான ஆவணம்" என்றான். அந்த ஒரு வார்த்தைக்கு நான் அவனுக்கு முன்னால் தேம்பித் தேம்பி அழுதேன். பாவம், அவன் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தான்.

ஏன் அழுதேன் என்று மனைவிக்குக்கூட இன்றுவரை சொல்லவில்லை.

5

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு கார்த்திகை மாதம். றெஜினா காலையில் வந்து கையெழுத்து வைத்துவிட்டு, என் மேசைக்கு முன்னால் நின்றாள்.

"சேர், இது கவலை இல்லை, சந்தோசம். அதாலை தண்ணி அள்ளமாட்டன்."

"சொல்லு பிள்ளை."

"பிரான்சிலை இருந்து அன்ரனின்ரை கடிதம் வந்திருக்கு. எம்பசியிலை திகதி குடுத்திட்டாங்களாம். மார்கழி பதினெட்டு. நான் கொழும்பிலை நிக்கவேணும்."

அன்ரன் அவளுக்குப் பேசியிருந்த பையன். அதே குருநகர்தான், ஐந்து வருடமாகப் பாரிசில். அந்தக் கடிதம் யார் யார் கையிலோ மாறி, இரண்டு மாதம் சுணங்கி வந்திருந்தது. அரசாங்க உத்தியோகத்தர் குடாநாட்டை விட்டு வெளியே போவதென்றால், கந்தோர்த் தலைவர், அதாவது நான், லீவை அங்கீகரித்துக் கொடுக்கும் கடிதம் வேண்டும். அதைக் காட்டித்தான் பாஸ் எடுக்கலாம். பாஸ் எடுத்துக் கிளாலிக்குப் போய், அங்கே வள்ளம் ஏறிக் கடல்நீரேரியைத் தாண்டவேண்டும். அவள் விண்ணப்பத்தைச் சுத்தமாக அடித்து, கையெழுத்து வைத்து, இரண்டு கையாலும் நீட்டினாள். கார்த்திகை பதினேழு என்று திகதி போட்டிருந்தாள்.

"வடிவா எல்லாம் எழுதியிருக்கிறன் சேர். கெதியாத் தந்தால் காணும்."

"ஓம் பிள்ளை, பாப்பம்" என்றேன்.

வழக்கமாக ஒரு கடிதம் கைக்கு வந்தவுடன் 'பெற்றுக்கொண்டது' என்ற முத்திரையைத் திகதியோடு குத்துவேன். அன்றைக்குக் குத்தவில்லை. மேசை லாச்சியைத் திறந்து உள்ளே வைத்தேன், மூடினேன்.

ஏன் என்று கேட்பீர்கள். நானும் இருபத்திரண்டு வருடமாகக் கேட்கிறேன். மூன்றாம் காலாண்டு அறிக்கை அடித்து முடியட்டும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். வவுனியாவில் இருந்து ஒரு பதில் ஆள் கேட்டு எழுதுவோம் என்றும் சொன்னேன், ஆனால் எழுதவில்லை. உண்மை அதுவல்ல. அவள் இல்லாத அந்த வீட்டை நான் நினைத்துப் பார்த்தேன். சாக்குகளும், தவராசாவின் மௌனமும், கவுண்டரில் அழுகிற சனமும், நானும். பிரேதம் எடுத்த வீடு போல இருக்கும். நான் பயந்தேன். அவளை மகள் போல நினைத்தேன் என்று சொல்ல ஆசைதான், ஆனால் எந்தத் தகப்பன் இப்படிச் செய்வான்?

ஒவ்வொரு நாளும் அவள் என் முகத்தைப் பார்ப்பாள், நான் பதிவேட்டைப் பார்ப்பேன். இரண்டு தடவை, "சேர், அந்த..." என்று தொடங்கினாள். இரண்டு தடவையும் நான் முந்திக்கொண்டு, "என்ன, தண்ணி அள்ளப் போறியோ?" என்று பகிடி விட்டேன். அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். கொழும்புக்குப் போய்ச்சேர அப்போது நாலைந்து நாள் பிடிக்கும், பாஸுக்கு வேறு ஒரு கிழமை. நான் கணக்குப் பார்த்துத்தான் வைத்திருந்தேன், மார்கழி முதலாந் திகதி கொடுத்தாலும் போய்விடுவாள் என்று. என்னுடைய கணக்கில் பிழை இருக்கவில்லை, பாதை திறந்தே இருந்திருந்தால்.

பதினோராவது நாள் காலையில் கந்தசாமியண்ணை சைக்கிளை மதிலில் சாத்தக்கூட இல்லை. அப்படியே கீழே போட்டுவிட்டு வந்தார்.

"சேர், கிளாலியிலை வள்ளங்களுக்குச் சூடாம். கன சனம் முடிஞ்சுதாம். பாதை பூட்டியாச்சு."

"எப்ப திறப்பினமாம்?"

"ஆருக்குத் தெரியும்!"

6

அவள் அன்றைக்கும் வந்தாள். பத்து மைல் மிதித்து, முகம் கழுவி, பின்னலைச் சரிசெய்து, கையெழுத்து வைத்தாள். பாதை பூட்டியது குருநகரில் விடியவே தெரிந்திருக்கும். கிணற்றடிக்குப் போனாள். மூன்று வாளி தண்ணீர் அள்ளிக் குசினியில் வைத்துவிட்டு வந்து, ரைப்றைற்றர் மூடியைக் கழற்றினாள். "கதைக்காமலே அள்ளிப் போட்டாள், கெட்டிக்காரி, முற்பணம் கட்டுறாள்" என்று தவராசா சொன்னான். அவளும் அவனோடு சேர்ந்து சிரித்தாள்.

இனிக் கொடுத்தாலும் ஒன்றுதான், கொடுக்காவிட்டாலும் ஒன்றுதான். ஆனாலும் விண்ணப்பம் ஒன்று பதிலில்லாமல் கிடக்கக்கூடாது, கடிதக் கோவை கேள்வி கேட்கும். கந்தோர்ப் புத்தி பாருங்கள்! லாச்சியைத் திறந்து, விண்ணப்பத்தை எடுத்து, 'பெற்றுக்கொண்டது' முத்திரையில் அன்றைய திகதியை வைத்துக் குத்தினேன். கார்த்திகை இருபத்தெட்டு. பதிவுக் கந்தோரில் பதினெட்டு வருடம் வேலை செய்தவன் ஒரு திகதியைப் பொய்யாகக் குத்தினேன். பிறகு லீவு அங்கீகாரக் கடிதத்தைக் கையால் எழுதி, 'தங்களிடமிருந்து 28ஆந் திகதி பெற்றுக்கொண்ட விண்ணப்பம் தொடர்பாக' என்று தொடங்கி, கோவையோடு அவளிடமே அடிக்கக் கொடுத்தேன். வேறு யார் அடிப்பது? எங்களுக்கு ஒரே ஒரு ரைப்பிஸ்ற்.

அவள் அடித்துக் கொண்டு வந்து வைத்தாள். ஒரு பிழை இல்லை. "தாங்ஸ் சேர், பாதை திறந்தால் உதவும்" என்றாள்.

பாதை திறந்தபோது திகதி போய்விட்டது. அடுத்த திகதிக்கு அன்ரன் அலைந்து பார்த்தான், பிறகு அவனுடைய கடிதங்கள் குறைந்தன, அடுத்த வருடக் கடைசியில் அங்கேயே ஒருத்தியைக் கட்டிக்கொண்டான் என்று சேதி வந்தது. அதையும் அவள் தேத்தண்ணி நேரத்தில் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்: "சேர், இனி நான் பென்சன் எடுக்கிற வரைக்கும் உங்கடை கந்தோர்தான். பொசுக்கெண்டு போகமாட்டன், பயப்பிடாதேங்கோ." எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

தொண்ணூற்றைந்தில் இராணுவம் நெருங்கி, சனமெல்லாம் ஒரே இரவில் தென்மராட்சிக்கு வெளிக்கிட்டபோது கந்தோர் கலைந்தது. சாக்குகளில் பாதியை அந்த வீட்டிலேயே விட்டோம். நான் வவுனியா, கொழும்பு என்று இழுபட்டு, மனைவியின் தம்பி கூப்பிட இங்கே வந்து சேர்ந்தேன். றெஜினா குருநகருக்கே திரும்பிப் போனாள். தகப்பன் போய்விட்டார், தாயோடு இருக்கிறாள். கலியாணம் கட்டவில்லை.

7

நான் அவளுக்கு ரெலிபோன் எடுக்காத நத்தார்ப் பண்டிகை இல்லை. "சேர்!" என்று அதே சத்தம், அதே சிரிப்பு. பழைய பகிடிகள் ஒவ்வொன்றாக வரும், தவராசாவின் தாயம், அரசாங்கம் வந்து தண்ணி அள்ளுவது. "அந்தக் கந்தோர் மாதிரி ஒரு இடம் பிறகு எனக்குக் கிடைக்கேல்லை சேர்" என்பாள். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிடவேண்டும் என்று எடுப்பேன், அந்தச் சிரிப்பைக் கேட்டதும் நானும் சிரித்துவிடுவேன். வைத்தபிறகு குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொள்வேன்.

குழுவில் பேசுவதற்கு நாலு நாள் இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை மத்தியானம், நத்தார் இல்லாமலே எடுத்தேன். மகள் கேட்ட கேள்வி என்னைத் தின்றுகொண்டிருந்தது. அந்த இடம் இனிமையாகத்தான் இருந்தது என்று அந்த வீட்டில் இருந்த ஒருவர் எனக்குச் சொல்லவேண்டும். அதற்கு முன்னால் நான் செய்ததை அவளுக்குச் சொல்லவேண்டும். சொன்ன பிறகும் அவள் அப்படிச் சொன்னால்தான் அது உண்மை.

"என்ன சேர், நத்தாருக்கு முன்னமே? சுகமா இருக்கிறியளோ? அக்கா சுகமோ?"

"றெஜினா, நான் சிரிக்கிறதுக்கு எடுக்கேல்லை. ஒண்டு சொல்லவேணும். குறுக்கை கதைக்காமல் கேள்."

சொன்னேன். பதினேழாந் திகதி அவள் தந்ததை லாச்சிக்குள் வைத்ததை. பதினொரு நாளை. முத்திரையை. மூச்சு விடாமல் சொன்னேன், இடையில் அழுதேன், மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சொன்னேன். பாதை பூட்டியதால்தான் நீ போகமுடியவில்லை என்று நினைத்திருப்பாய், இல்லை, நான்தான், நான்தான் என்று இரண்டு தடவை சொன்னேன். அந்தப் பக்கம் எங்கோ கோயில் மணி கேட்டது.

"றெஜினா, நிக்கிறியோ?"

"நிக்கிறன் சேர்." குரல் எனக்குப் புதிதாக இருந்தது. "அந்தக் கடிதத்தை நான்தானே அடிச்சது."

நான் ரெலிபோனைக் காதோடு அழுத்தினேன்.

"பதினேழாந் திகதியெண்டு என்ரை கையாலை அடிச்ச விண்ணப்பத்திலை இருபத்தெட்டெண்டு முத்திரை கிடந்தது. பாத்தனான். ஆற்றையோ பிள்ளையின்ரை திகதி பிழைச்சாலே பாப்பன், என்ரையைப் பாக்கமாட்டனோ?"

"ஏன் பிள்ளை அப்பவே கேக்கேல்லை? என்ரை மூஞ்சையிலை எறிஞ்சிருக்கலாமே!"

"எங்கை வைச்சுக் கேக்கிறது சேர்? கந்தோருக்குள்ளை தன்ரை கவலை கதைக்கப்படாது. வெளியிலை வைச்சுக் கேக்க, நீங்கள் என்ரை சேர். அந்த வேலையும் போனால் அப்பாவும் அம்மாவும் என்ன செய்யிறது? எல்லாரும் சிரிக்கேக்கை நான் மட்டும் எப்பிடி முகத்தைத் தூக்கி வைச்சுக்கொண்டு இருக்கிறது?"

நான் மன்னிப்புக் கேட்டேன். அதைத் தமிழில் நான் யாரிடமும் கேட்டதில்லை, எப்படிக் கேட்பதென்றும் தெரியவில்லை. என்னவோ உளறினேன். என்ன வேண்டுமென்றாலும் சொல், காசு அனுப்பட்டுமா, இங்கே கூப்பிட ஏதும் வழி பார்க்கட்டுமா என்று கேட்டேன். நாற்பத்தொன்பது வயதுக்காரியிடம் கேட்கிற கேள்வியா அது!

"ஒண்டும் வேண்டாம் சேர்" என்றாள். "ஒரேயொரு உதவி செய்யுங்கோ. இனி எனக்கு ரெலிபோன் எடுக்காதேங்கோ."

"றெஜினா..."

"கோவத்திலை சொல்லேல்லை. நீங்கள் எடுத்தால் நான் சிரிச்சுக் கதைக்கவேண்டிக் கிடக்கு. உங்கடை குரலைக் கேட்டவுடனை எனக்குச் சிரிப்புத் தன்பாட்டிலை வருது, அப்பிடிப் பழகிப் போச்சு. வைச்சாப் பிறகு ரெண்டு மூண்டு நாளைக்கு நான் சாப்பிடுறதில்லை. அம்மா கேக்கிறா, ஆர் பிள்ளை எடுத்தது எண்டு. எனக்கு ஏலாமல் கிடக்கு சேர்."

அவள் என்னிடம் வாழ்க்கையில் கேட்டது இரண்டே இரண்டு காரியம். முதலாவதை நான் பதினொரு நாள் வைத்திருந்தேன்.

"சரி பிள்ளை" என்றேன், உடனே வைத்தேன்.